நகரம் வரட்டும், ஊரும் சேரியும் போகட்டும்

தருமபுரி வளர வேண்டும். இதில் இங்கே எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஒருவர் சிப்காட் என்கிறார். இன்னொருவர் மொரப்பூர் ரயில் பாதை என்கிறார். மற்றொருவர் ஒகேனக்கல் உபரிநீர் என்கிறார். தேர்தல் வந்தால் எல்லோரும் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள். மூன்றும் வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் எந்த மேடையிலும் யாரும் கேட்காத கேள்விகள் சில இருக்கின்றன. வளரப்போகிற நகரத்தில் யார் எங்கே குடியிருப்பார்கள்? யாருடைய நிலத்துக்கு விலை ஏறும்? அந்த நகரத்தின் சாக்கடையில் யார் இறங்குவார்கள்?

இந்தக் கேள்விகளைக் கேட்டால், "எல்லாத்துலயும் ஏன் தோழர் சாதியைக் கொண்டு வர்றீங்க?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். சாதியை நாம் கொண்டுவரவில்லை. அது வரைபடத்திலேயே இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று வரைந்துவைத்த மண்ணின் மேல்தான் மனைப்பிரிவுக் கல் நடுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 48.4 விழுக்காட்டினர் நகரவாசிகள். பெரிய மாநிலங்களில் இவ்வளவு நகரமயமானது வேறு இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். அதே கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சம்; நகரவாசிகள் 17.3 விழுக்காடுதான். அப்போது ஒரு நகராட்சி, பத்து பேரூராட்சிகள், மீதி எல்லாம் கிராமம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஓசூரும் அதன் ஆலைகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் மானாவாரி நிலமும் மாங்காயும் தக்காளியும் மிஞ்சின.

ஆனால் இந்த 17.3 என்ற எண் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. தருமபுரிக்காரர்கள் நகரத்தில் இல்லாமல் இல்லை. பெங்களூரில் இருக்கிறார்கள், ஓசூரில் இருக்கிறார்கள், திருப்பூரில் இருக்கிறார்கள். கம்பி கட்டுகிறார்கள், சாரம் கட்டுகிறார்கள், சித்தாள் வேலை பார்க்கிறார்கள், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறார்கள். ரேஷன் கார்டும் ஓட்டும் காலனியில். உடம்பும் உழைப்பும் நகரத்தில். திங்கள் விடியற்காலையில் தருமபுரி பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பெங்களூர் பேருந்தில் இடம் பிடிக்க முண்டியடிக்கிற கூட்டத்தை எந்தக் கணக்கெடுப்பும் நகரவாசி என்று எழுதிக்கொள்வதில்லை. மழை பொய்த்த வருடத்தில் அந்தக் கூட்டம் இரண்டு மடங்காகும். எங்கள் மாவட்டம் நகரமாகவில்லை. அடுத்தவர் நகரத்தைக் கட்டிக்கொடுத்திருக்கிறது.

இந்த நகரக் கூலி காலனிக்குத் திரும்பி வந்தபோது என்ன நடந்தது என்பதை இந்தத் தலைமுறை மறக்கக் கூடாது.

2012 நவம்பர் 7. நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளைச் சாதிவெறிக் கும்பல் சூறையாடியது. 268 வீடுகள் எரிக்கப்பட்டன. காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு சாதி மறுப்புத் திருமணம். ஆனால் எதை எரித்தார்கள் என்று பாருங்கள். அந்தக் குடியிருப்புகளில் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்தவர்கள். அந்தக் காசில் கூரையைப் பிரித்துத் தளம் போட்டவர்கள். வந்தவர்கள் பீரோவை உடைத்து நகையை எடுத்தார்கள். இருசக்கர வாகனங்களைக் கொளுத்தினார்கள். டிவியை நொறுக்கினார்கள். பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள் சாம்பலாயின. ஒரு திருமணத்தின் மீதான கோபத்துக்குச் சான்றிதழ் என்ன செய்தது?

சான்றிதழும் பைக்கும் தளம் போட்ட வீடும் ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன: இனி இவர்கள் நம் வயலை நம்பிப் பிழைக்கவில்லை. இதுதான் தாங்க முடியாமல் போனது. மானாவாரியில் நட்டப்பட்டுக்கொண்டிருக்கிற சிறு விவசாயிக்கு மிஞ்சியிருந்த ஒரே சொத்து, காலனியிலிருந்து கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும் என்ற அதிகாரம். பெங்களூர் பேருந்து அந்த அதிகாரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தன் மகனும் அதே பேருந்தில், அதே மேஸ்திரியிடம்தான் வேலைக்குப் போகிறான் என்பதை அந்த விவசாயி பார்க்க மறுத்தார். பார்க்கவிடாமல் வைத்திருப்பதுதான் சாதி அரசியலின் தொழில்.

அந்த நாட்களில் பாமக நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். நாம் அதைக் கேலி செய்து மீம் போட்டுக் கடந்துவிட்டோம். கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். ஜீன்ஸ், டி-சர்ட், கூலிங் கிளாஸ் மூன்றும் நகரம் கொடுத்தவை. போட்டிருப்பவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்று உடுப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடுபவை. வேட்டியை இறக்கிக் கட்டினாலே அடி விழுந்த ஊர்களில், உடை சாதியைச் சொல்ல மறுத்துவிட்டது என்பதுதான் அந்தப் பதற்றம். 2013 ஜூலை 4 அன்று தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்னால், ரயில் பாதையோரம் இளவரசன் பிணமாகக் கிடந்தார். அது குக்கிராமம் இல்லை தோழர்களே. மாவட்டத் தலைநகரம்.

இந்த இடத்தில் இரண்டு தரப்பினரோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

முதல் தரப்பு கிராமத்துக் காதலர்கள். ஐடி வேலையில் சம்பாதித்துவிட்டு, வார இறுதியில் இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள். மண்வாசனை, திண்ணை, கூட்டாஞ்சோறு என்று உருகுகிறவர்கள். "நகரம் நரகம், கிராமத்துக்குத் திரும்புவோம்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கிராமத்தில் எந்தப் பக்கத்துக்குத் திரும்புகிறீர்கள்? அந்தத் திண்ணையில் எங்கள் தாத்தா உட்கார்ந்ததில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் அறியாமையும் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடியிருக்கும் இடம் என்று பேசினார்; அரசமைப்புச் சட்ட வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதை வரவேற்றார். பெரியார் கிராமச் சீர்திருத்தம் என்ற பேச்சையே ஏற்கவில்லை. கிராமம், நகரம் என்ற பிரிவே வருணப் பிரிவு மாதிரிதான், அந்தப் பிரிவே ஒழிய வேண்டும் என்றார். ஊரை விட்டு ஓடியதால் பிழைத்த சமூகத்தின் பிள்ளைகளிடம் வந்து ஊருக்குத் திரும்பு என்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இது: நாங்கள் திரும்ப மாட்டோம்.

இரண்டாம் தரப்பு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது முற்போக்கு மாதிரியே பேசும். "நகரமயமாதல் நடந்தால் சாதி தானாகக் கரைந்துவிடும். ரோடு போடு, ஆலை கொண்டுவா, மால் கட்டு. மீதியைச் சந்தை பார்த்துக்கொள்ளும்." இதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதை மறுக்கத் தேவையில்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் சாதி கேட்பதில்லை. ஓட்டலில் ஒரே கிளாஸ்தான். தோட்டத்தில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் பெங்களூரில் 'அண்ணா' ஆகிறார். இவையெல்லாம் சின்ன விஷயங்கள் இல்லை; இவற்றுக்காக மட்டுமே கூட நான் நகரத்தின் பக்கம் நிற்பேன்.

ஆனால் தேநீர்க் கடையோடு நகரம் முடிவதில்லை. வீடு கேட்டுப் பாருங்கள்.

தருமபுரி டவுனில் வாடகை வீடு தேடிய இரண்டு மாதங்களில் நான் மனப்பாடம் செய்த உரையாடல் ஒன்று உண்டு. வீட்டுக்காரர் நல்லவராகத்தான் இருப்பார். தண்ணீர் கொடுப்பார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பென்னாகரம் பக்கங்க."

"பென்னாகரம் பக்கம்னா, எங்க?"

ஊர்ப் பெயரைச் சொல்வேன்.

"அங்க ஊருக்குள்ளயா, தள்ளியா?"

தள்ளி என்றால் வீடு ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். அல்லது சொந்தக்காரர் வருவதாக இருக்கும். அல்லது "நாங்க சைவங்க தம்பி" என்பார்கள், மாடியில் மீன் குழம்பு வாசம் வந்துகொண்டிருக்கும்போதே. யாரும் திட்டவில்லை, யாரும் அடிக்கவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட ஒரு சொல்லைக்கூட யாரும் விட்டுவைக்கவில்லை. நகரத்துச் சாதி இப்படித்தான் நாகரிகமாக இருக்கும்.

இது என் ஒருவனின் கதை இல்லை. டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் சுகதேவ் தோரட் குழுவினர் வாடகை வீட்டு விளம்பரங்களை வைத்து ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு கேட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. தலித் பெயரோடும் முஸ்லிம் பெயரோடும் கேட்டவர்களுக்கு மறுப்பும், கூடுதல் வாடகையும், கூடுதல் நிபந்தனையும் கிடைத்தன. பெங்களூர் இந்திய மேலாண்மை நிறுவன ஆய்வாளர்கள் இந்திய நகரங்களை வார்டு அளவில் பார்க்காமல் அதற்கும் கீழே இறங்கி, சின்னச் சின்னக் குடியிருப்புத் தொகுதிகளாகப் பார்த்தார்கள். வார்டுக் கணக்கில் கலந்து இருப்பதுபோலத் தெரிகிற மக்கள், தெருக் கணக்கில் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கிறார்கள். கிராமம் அழிந்து நகரம் வரவில்லை. கிராமத்தை மடித்து நகரத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

அரசு இதை மாற்றுகிறதா? சென்னையைப் பாருங்கள். குடிசைகளை அகற்றி, அங்கேயே அடுக்குமாடி வீடு கட்டிக்கொடுக்கும் எண்ணத்தோடு 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2000க்குப் பிறகு கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் இருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கினார்கள். பெரும்பாலோர் தலித்துகள். வேலை இருந்த இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர். பிள்ளைகளின் படிப்பு அறுந்தது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை தர யோசித்தார்கள். 2021இல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயரில் குடிசை போய்விட்டது. நகரத்துக்கு வெளியே சேரி வந்துவிட்டது.

தென்னாப்பிரிக்காவில் வெள்ளை அரசு இதற்கு 1950இல் சட்டமே போட்டது. எந்த இனம் நகரத்தின் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று கோடு கிழித்தது. கறுப்பினத் தொழிலாளி பகலில் ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்து உழைக்கலாம். இரவில் சொவெட்டோவுக்குத் திரும்பிவிட வேண்டும். உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவில்லை. வீட்டுக்காரரின் ஒரு கேள்வி போதும்.

இனி தருமபுரிக்கு வருவோம். நம் முறை இப்போதுதான் வருகிறது என்பதால் இதை இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

நல்லம்பள்ளி வட்டத்தில் அதியமான்கோட்டை, தடங்கம் பக்கம் ஆயிரம் ஏக்கருக்கும் மேல் சிப்காட் தொழிற்பூங்கா வருகிறது. அறிவிப்பு வந்த நாளிலிருந்து நெடுஞ்சாலை ஓரமெல்லாம் மனை விற்பனைக் கொடிகள் பறக்கின்றன. நகரம் வளரும்போது உருவாகிற முதல் செல்வம் ஆலையிலிருந்து வருவதில்லை, நிலத்திலிருந்து வருகிறது. ஏக்கராக வாங்கியது சதுர அடியாக விற்கும். அந்த லாபம் பட்டா வைத்திருப்பவருக்கு. தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் தலித்; சாகுபடி நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட அவர்கள் கையில் இல்லை. 1892இல் பிரிட்டிஷ் அரசு ஏற்படுத்திய பஞ்சமி நிலமும் சட்டத்தை மீறிக் கைமாறிப் போனது. ஆக, நகரம் வந்தால் நில உடைமையாளர் கோடீஸ்வரர் ஆவார், அவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர் அதே இடத்தில் காவலாளி ஆவார். இதற்கு வளர்ச்சி என்று பெயர்.

2013 மத்திய நிலமெடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. நிலம் போவதால் பட்டாதாரர் தவிர வேறு யார் யார் பிழைப்பை இழக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற ஏற்பாடு அது. தமிழ்நாடு அரசு தன் சொந்தத் தொழில் நிலமெடுப்புச் சட்டத்தை 2019இல் தனிச் சட்டம் போட்டுக் காப்பாற்றிக்கொண்டது. அதனால் இங்கே அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. நிலம் இல்லாதவர் எண்ணப்படாமலேயே வெளியேறலாம்.

அடுத்தது எல்லை விரிவாக்கம். 2025 தொடக்கத்தில் ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் அறிவிப்புகள் வந்தபோது மாநிலம் முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறும் என்றார்கள். ஊடகங்கள் இதை வளர்ச்சிக்கு எதிரான பயமாகக் காட்டின. ஆனால் நூறு நாள் வேலைதான் ஊர்க்காரரின் வயலுக்குப் போகாமலேயே ஒரு தலித் பெண்ணுக்குக் கூலி கிடைத்துவந்த வழி. அதை எடுத்துவிட்டு நகரம் அவளுக்கு என்ன தரும்? ஒப்பந்தத் தூய்மைப் பணி. அதன் லட்சணத்தை 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்பு பார்த்தோம். இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து இரவும் பகலும் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்களை, பெரும்பாலும் தலித் பெண்களை, நள்ளிரவில் கைதுசெய்து இழுத்துப்போனார்கள். நகரத்தைச் சுத்தமாக வைத்திருந்தவர்களையே குப்பையைப்போல அப்புறப்படுத்தினார்கள்.

இன்னொன்றும் நடக்கும். தனி ஊராட்சியாக இருந்தவரை சுழற்சியிலாவது தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்கார வழி இருந்தது. அந்த நாற்காலிக்காக உயிரைக் கொடுத்தவர்கள் நம் வரலாற்றில் உண்டு. மேலவளவை மறந்துவிட முடியாது. இணைத்துவிட்டால் அந்த ஊர் ஏதோ ஒரு வார்டின் ஒரு மூலை. வார்டு எல்லையை யார் வரைகிறார்கள் என்பதில் நம் குரலின் ஆயுள் இருக்கிறது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. அந்தச் சொல்லால் அடிபட்டவன் என்ற முறையில் வரவேற்கிறேன். ஆனால் எரிக்கப்பட்ட மூன்று குடியிருப்புகளில் ஒன்றின் பெயர் 'அண்ணா நகர்' என்பதை நினைவில் வையுங்கள். பெயரில் நகர் இருந்தது தீயைத் தடுக்கவில்லை. காலனி என்பது சொல்லாக மட்டும் இருந்தால் அழித்துவிடலாம். அது ஊருக்குத் தள்ளி இருக்கிற இடம். ஆதிதிராவிடர் வீட்டுமனைத் திட்டங்கள் என்ற பெயரில் அரசே ஊருக்கு வெளியில் நிலம் எடுத்து, அந்தத் தூரத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறது.

ஆகவே தருமபுரியின் வளர்ச்சித் திட்டம் பேசுகிறவர்களிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை.

ஒன்று, புதிதாகப் போடுகிற ஒவ்வொரு பெரிய மனைப்பிரிவிலும் தலித், பழங்குடிக் குடும்பங்களுக்கு மனை ஒதுக்க வேண்டும், மூலையில் தனிப் பகுதியாக ஒதுக்காமல் குலுக்கல் முறையில் தெருத் தெருவாகக் கலந்து. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு ஒதுக்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. அதில் சாதியையும் எழுதுங்கள். சாதி கலந்து குடியமர்த்த முடியும் என்று 1997இல் சமத்துவபுரம் திட்டம் ஒப்புக்கொண்டது. கிராமத்து ஓரத்தில் நூறு வீட்டுக்குச் சரியான கொள்கை, நகரத்து நடுவில் மட்டும் ஏன் கசக்கிறது?

இரண்டு, சாதி, மதம் பார்த்து வாடகைக்கு வீடு மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் மாநிலச் சட்டம் வேண்டும். மறுத்ததற்கு வேறு காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும்.

மூன்று, சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும்போது பட்டாதாரரோடு சேர்த்து அந்த நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பங்களையும் எண்ணுங்கள். ஆலையில் அவர்களுக்கு நிரந்தர வேலை கொடுங்கள். காவலாளி, துப்புரவுப் பணியோடு நிறுத்தாதீர்கள். நகராட்சியின் தூய்மைப் பணியை நிரந்தரமாக்கி, சாக்கடைக்குள் மனிதர் இறங்குவதை எந்திரத்தால் மாற்றுங்கள்.

நான்கு, 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படப்போகிறது. மாநில மொத்தத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பை மூடாதீர்கள். எந்த ஊரில், எந்தப் பகுதியில், எந்தச் சாதி எவ்வளவு என்ற கணக்கை, தனிமனிதர் அடையாளம் தெரியாத அளவில் வெளியிடுங்கள். நகரத்துக்குள் எங்கே சுவர் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கட்டும்.

இவற்றைக் கேட்டால் வளர்ச்சி தள்ளிப்போகும் என்பார்கள். முதலீடு ஓடிவிடும் என்பார்கள். அண்டை மாவட்டத்துக்கு ஆலை போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். பயப்படாதீர்கள். கம்பி கட்டவும் கலவை போடவும் கைகள் இல்லாமல் எந்த முதலீடும் ஒரு செங்கல்லை அடுக்காது. அந்தக் கைகள் நம்முடையவை.

பெங்களூரை நம் அப்பன் கட்டினான், அங்கே அவனுக்கு ஒரு ஷெட் மிச்சம். திருப்பூரில் நம் அக்கா தைத்தாள், அவளுக்கு விடுதியில் ஒரு பாய் மிச்சம். அந்தக் காசில் ஊரில் வீடு கட்டினோம், அதைக் கொளுத்தினார்கள். இப்போது நம் வாசலிலேயே நகரம் கட்டப்போகிறோம் என்கிறார்கள். கட்டுவோம். இந்த முறை கட்டி முடித்துவிட்டுப் பேருந்து ஏற மாட்டோம். அதன் நடுத்தெருவில் குடியிருப்போம்.